முடக்கொத்தான் போட்ட பாதை

எங்கள் வீட்டு வாசலில் நாலு படி. வாவி பெருகினாலும் வெள்ளம் உள்ளே வரக்கூடாது என்று, மேசன் வேலை செய்த காலத்தில் நானே உயர்த்திக் கட்டியவை. வெள்ளம் இதுவரை உள்ளே வரவில்லை. ஒன்றரை வருடமாக நானும் வெளியே போகவில்லை. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை.

ஓட்டமாவடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முனாஸ் காக்கா, சக்கர நாற்காலியோடு கடைக்கு வந்துவிடச் சொன்னார். வீடு கட்டுகிறவர்களுக்கு எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கல் என்று சொல்ல என்னைப் போல ஆள் வேண்டுமாம். தை மாதம் வரை எனக்காகக் காத்திருப்பாராம். எனக்கு வேண்டியது வாசலில் இருபத்துநாலு அடியில் ஒரு சாய்வுப் பாதை. முற்றத்தில் இடம் இருந்தது, அம்மாவின் மனதில்தான் இல்லை.

"சாய்வு கட்டினா, நீ ஒழும்ப மாட்டாய் எண்டு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி மகன்," என்றார்.

சாய்வுக்குப் பதிலாக நாட்டு வைத்தியர் சிவபாதம் பரியாரியைக் கூட்டிவந்தார். முடக்கொத்தான் இலை முடக்கை அறுக்கும், முடக்கு அறுத்தான் என்று பேரிலேயே இருக்கிறது என்று பரியாரி எண்ணெய் காய்ச்சினார். பேரைப் பார்த்தால் நானும்தான் நல்லரத்தினம். தொட்டால் கால் தானாக உதறும், அது குணமல்ல என்று ஆஸ்பத்திரியில் முதலே சொல்லியிருந்தார்கள். வீட்டில் யார் காதிலும் அது ஏறவில்லை.

முப்பத்தோராம் நாள் எண்ணெய் தேய்க்கும்போது வலது கால் உதறி, பரியாரியின் தாடையில் பட்டது. உதை வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. அம்மா அழுதார். என் கால் என்னைக் கேளாமல் உதைத்ததை நினைத்து நானும் அழுதேன். இரண்டும் ஒரே கண்ணீர் என்று ஊர் முடிவு செய்தது.

அந்த உதையை யாரோ போனில் எடுத்த வீடியோ கதிரவெளி வரை போனது. என்னைப் பார்க்க நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதல் ஆளை நாற்காலியோடு தூக்கிப் படியேற்ற நாலு பேர் பட்ட பாட்டைப் பார்த்த பரியாரி, வருத்தக்காரர் வரும் வீட்டில் இந்த வாசல் சரிவராது என்றார். அம்மா மறுநாளே சாய்வு கட்ட ஆள் பிடித்தார். உள்ளே இருந்தபடி நான் அளவு சொன்னேன்.

தை இரண்டாம் நாள் முற்றத்துக்கு உருண்டு இறங்கினேன். முகத்தில் வெயில் பட்டது. அவ்வளவுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. கேற்றடியில், தென்னையிலிருந்து விழுந்த உதயரூபன் என்பவரைத் தாயும் உறவினரும் வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன், எத்தினை மாச எண்ணெயில இப்பிடி வெளிய வந்தீங்க?" என்று கேட்டார் அவர்.

பின்னால் வாசலில் பரியாரியும் அம்மாவும் நின்றார்கள். நான் இறங்கி வந்த பாதையே அந்தப் பொய்யில் கட்டியது. வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது.

"எண்ணெயில கால் வரல்ல தம்பி," என்றேன். "உங்கட வீட்டில எத்தினை படி?"

"மூணு," என்றார் மெதுவாக.

அவருடைய தாய்க்கு நான் சொன்னது எதுவும் கேட்கவில்லை. என் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார், அது எப்போது உதைக்கும் என்று.