பாசி செத்த தண்ணீர்

மூங்கில் கழியின் நுனியைப் பிளந்து, குறுக்கே ஒரு குச்சியைச் செருகி, தண்ணீருக்குள் விட்டு மெதுவாகத் திருகினால் பாசி சுற்றிக்கொண்டு வரும். ஈரக் கம்பளியைத் தூக்குவது போலக் கனக்கும். சென்னகிருஷ்ணன் அதைக் கரையில் போட்டதும் குனிந்து விரலால் பிரித்துப் பார்ப்பான். உள்ளே மீன் குஞ்சு ஏதாவது துடித்தால் எடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுவான். அப்புறம்தான் அடுத்த சுற்று. காலை முழுக்க இப்படி எடுத்துவிட்டு வேலைக்குப் போனாலும், மறுநாள் வந்து பார்த்தால் எடுத்த இடம் எது, எடுக்காத இடம் எது என்று அவனுக்கே அடையாளம் தெரியாது.

வீட்டின் பின்னால் தோட்டத்தில் இருந்த சின்னக் குளம் அது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தாமரை வளர்ப்பதற்காகக் கட்டியது. சுற்றிலும் கருங்கல் விளிம்பு, இடுப்பளவு ஆழம், மாடு பூட்டிய ஒரு கட்டைவண்டி நிற்கிற நீளம். துரை போய், தாமரையும் போய், வீடு பெங்களூர்க்காரர் ஒருவர் கைக்கு மாறி, வாடகைக்கு வந்திருந்தது. மலேரியா ஒழிப்பு வேலைக்கு ஓசூரில் போடப்பட்ட சென்னகிருஷ்ணன், குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பிடித்தான். கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன்களை அதில் வளர்த்து, மண்பானையில் மொண்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் மூக்கண்டப்பள்ளி மாதிரியான சுற்றுக் கிராமங்களின் கிணறுகளில் விடுவது அவன் வேலையில் பாதி. மீதிப் பாதி, மருந்து அடிக்கிறவர்களோடு வீடு வீடாகப் போய், அடித்த தேதியைச் சுவரில் எழுதுவது.

போன ஆடியில் அவன் மனைவி பூவம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூச்சு விடவில்லை. துணியில் சுற்றி அவன்தான் எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அழுது அவன் பார்த்ததில்லை. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒன்றும் சொல்வதில்லை. தான் மட்டும் என்ன பெரிதாகப் பேசிவிட்டான் என்று யோசித்தால், அவனும் அப்படித்தான் இருந்தான். மனம் மரத்துப்போனதா, இல்லை தனக்கு மனமே அவ்வளவுதானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டில் பாத்திரங்கள் போடும் சத்தம்தான் சத்தம்.

மத்தியானங்களில் அவள் முறத்தில் அரிசியோ பயறோ எடுத்துக்கொண்டு வந்து குளத்தின் கல்விளிம்பில் உட்காருவாள். கல் பொறுக்குவாள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், அவன் வயிறு பருத்த மீன்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இது எங்க முட்டை போடும்?"

"முட்டை போடாது. குட்டி போடும்."

"உசுரோடவா?"

"ஆமா."

அவள் ஒரு கல்லைப் பொறுக்கித் தூர எறிந்தாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த மாதங்களில் அவள் தானாகக் கேட்டது அது ஒன்றுதான். அதை அவன் பல நாள் நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தான்.

பொங்கலுக்கு வந்த அவன் அம்மா, மருமகள் காதில் விழும்படியே சொன்னாள். "அவங்க அம்மா ஊட்ல கொஞ்ச நாளு உட்டுப் பாருடா. தேறுனா சரி. இல்லன்னா நானு வேற எடம் பாக்கறேன். கல்லு மாதிரி குந்திக்கினு இருக்கறவள வெச்சிக்கினு நீ என்னா பண்ணுவ?" அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு எவ்வளவு யோசித்தும் சரியான காரணம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய அம்மா, பூவம்மாளின் பிறந்த ஊரான கல்லாவிக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். பங்குனியில் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் மூலமாகப் பூவம்மாளின் அண்ணன் முனிசாமியிடமிருந்து தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து தங்கச்சியைக் கூட்டிப்போகிறானாம். அப்படிப் போகிறவள் திரும்பி வருவது நடக்காத காரியம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"உங்கண்ணன் வர்றாராம். வெள்ளிக்கிழமை."

"ம்."

மறுநாள் அவள் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

போகாதே என்று சொல்லலாமா என்று அவன் யோசித்தான். எதையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் அவனுக்குப் பழக்கம். இங்கே தன்னோடு இருந்துதான் இப்படி ஆனாள்; அங்கே போனால் தேறலாம். போக அவளுக்கே ஆசை இருக்கலாம். பெட்டியை இறக்கியது அவள்தானே. சொல்லிவிட்டு, அதனாலேயே அவள் இருந்து, இன்னும் மோசமானால்? இப்படியே போய் யோசனை கடைசியில் குளத்தில் வந்து நின்றது. அதிகாரி வேறு சனிக்கிழமை குளத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பாசிக்குள் கொசுப்புழு ஒளிந்துகொள்ளும், மீன் அங்கே நுழைய முடியாது, சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவர் முன்பே ஒருமுறை கண்டித்திருந்தார். ஆனால் அவன் மனதில் சனிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமைதான் இருந்தது. முனிசாமி வந்து நிற்கும்போது குளம் பளிச்சென்று இருந்தால், இந்த வீட்டில் எல்லாம் கவனித்துத்தான் நடக்கிறது என்று தெரியும். அது எப்படித் தெரியும் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

பக்கத்துத் திராட்சைத் தோட்டம் சாந்த் பாஷாவுடையது. கொடிக்கு நோய் வராமல் அடிக்கிற மயில்துத்தம் அவரிடம் எப்போதும் இருக்கும். குளத்தில் போட அதில் கொஞ்சம் வேண்டும் என்று அவன் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கொசு ஆபீஸ்காரர் ஊட்டுக் கொளத்துலயே கொசுவா? யாருகிட்டயும் சொல்லாதீங்க தம்பி, ஊர்ல ஒருத்தனும் மருந்தடிக்கக் கதவு தெறக்க மாட்டான்."

"கொசு இல்லீங்க பாய். பாசி."

"பாசி சாவும். எங்க தொட்டியில போட்டுப் பாத்திருக்கறேன். மீனு சங்கதி நமக்குத் தெரியாது. கொடிக்குத்தான் நான் வைத்தியன்." நீலக் கட்டிகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "ஊட்ல அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

பாஷா தலையை ஆட்டிவிட்டுக் கொடிப் பக்கம் போனார்.

மீனுக்குச் சேதமில்லாமல் எவ்வளவு போடலாம் என்பதை அவனுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குளத்தின் நீளம், அகலம், ஆழம் பார்த்துக் கணக்குப் போட்டான். சந்தேகம் வந்து மறுபடி போட்டான். நகைக்கடைத் தராசு இரவல் வாங்கி நிறுத்தான். கணக்கு சரியாகவே இருந்தது. பயிற்சியில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: ஒரே நாளில் முழுக் குளத்துக்கும் போடக்கூடாது; பாதிக்குப் போட்டு, செத்த பாசியை எடுத்தபிறகுதான் மறு பாதி. அதுவும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது புதன்கிழமை; வெள்ளிக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. கட்டிகளைப் பழைய துணியில் முடிந்து, கயிற்றில் கட்டி, வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி, குளம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தான். நீலம் தண்ணீரில் புகை மாதிரி பிரிந்து போயிற்று. பூவம்மாள் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பாசி வெளுத்துப் பழைய கோணிநூல் நிறத்துக்கு வந்து, கொத்துக் கொத்தாக அடியில் இறங்கியது. வழித்தெடுக்க நேரமில்லாமல் வேலைக்கு ஓடினான். சாயங்காலம் வந்து பார்த்தபோது குளத்தில் வானம் தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அன்றுதான் முதல்தடவையாகத் தெரிந்தது. லேசாக ஒரு நாற்றமும் இருந்தது. அதை அவன் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பல் துலக்கக் கொல்லைக்குப் போனவன், குச்சியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டான். மீன்கள் எல்லாம் மேலே வந்திருந்தன. தலையைத் தூக்கி, வாயைத் தண்ணீருக்கு வெளியே வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் சில வயிறு மேலாகக் கிடந்தன. செத்த பாசி மொத்தமும் அடியில் அழுகி, தண்ணீரில் இருந்த காற்றைத் தின்றுவிட்டது. என்ன நடந்தது என்பது அவனுக்கு உடனே புரிந்தது. மனதில் ஒன்றும் தோன்றவில்லை. போய்க் கிணற்று ராட்டினத்தில் வாளியை இறக்கினான். இழுத்து, தூக்கிக்கொண்டு ஓடி, தலைக்குமேல் உயர்த்தி ஊற்றினான். உயரத்திலிருந்து விழுந்தால்தான் தண்ணீர் காற்றை எடுத்துக்கொண்டு போகும். ஊற்றிய இடத்துக்கு மீன்கள் கூட்டமாக வந்தன. அவன் அடுத்த வாளிக்குப் போவதற்குள் மறுபடி மூச்சுக்கு ஏங்கின.

எத்தனையாவது நடை என்று தெரியவில்லை. கிணற்றடிக்குத் திரும்பியபோது பூவம்மாள் கயிற்றைப் பிடித்திருந்தாள். ஊருக்குப் போக உடுத்தியிருந்த சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அவன் கையிலிருந்த வாளியைப் பார்த்து, "அது ஓட்டை. கொடத்துல எடுங்க" என்றாள்.

அவள் இறைத்தாள், அவன் ஊற்றினான். அவன் கை சோர்ந்தபோது அவள் குடத்தை வாங்கிக்கொண்டாள். கல்விளிம்பில் ஏறி நின்று, குடத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிச் சரித்தாள். தண்ணீர் அவள் தோளெல்லாம் தெறித்தது.

முனிசாமி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கையில் மாங்காய்ப் பை. வாசலில் கட்டி வைத்திருந்த பெட்டியைத் தாண்டி, வீட்டுக்குள் ஆள் இல்லாமல், தேடிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டான்.

"என்னா மாப்ள, அவ்ளோ தூரத்துல இருந்து வர்றவன வான்னு சொல்லக்கூட ஆளில்ல! மீனுக்கு அபிஷேகமா நடக்குது?"

"வாங்க மச்சான். உக்காருங்க. தோ..."

"அண்ணா, அந்தத் தவலைய எடு" என்றாள் பூவம்மாள்.

முனிசாமி தங்கையைப் பார்த்தான். அவன் பார்க்க வந்தது வேறு மாதிரியான ஒருத்தியை. பையைக் கீழே வைத்து, சட்டையைக் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டுத் தவலையைத் தூக்கினான். ராட்டினம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு மணி பஸ்ஸ உட்டா கிருஷ்ணகிரியில நம்ம வண்டி கெடைக்காது பூவு" என்றான் முனிசாமி, யாரையும் பார்க்காமல்.

சென்னகிருஷ்ணன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். காலையிலிருந்து, இல்லை, கண்டக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் சொல்ல நினைத்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"நேரமாச்சுன்னா நீ கெளம்பு. இத நானு பாத்துக்கறேன்."

அவள் தூக்கிய குடத்தை இடுப்பில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

"அத்த போன்னாங்க. அண்ணன் வான்னாரு. இப்ப நீங்க கெளம்புன்றீங்க." குரல் உயரவில்லை, கடையில் சாமான் சொல்வது போலத்தான் சொன்னாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே. யாரும் கேக்கலியே."

முனிசாமி தவலையோடு கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேக்கறேன்" என்றான் சென்னகிருஷ்ணன். "போறியா? இருக்கறியா?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையாகவே யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அவன் காத்திருந்தான்.

"தெரியல" என்றாள். "எனக்கே தெரியல. நீங்க இறைங்க."

அவன் வாளியை இறக்கினான். ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் நீளமாக ஒருமுறை கேட்டது. அப்புறம் எஞ்சின் சத்தம் மேடேறித் தேய்ந்தது. முனிசாமி நிமிர்ந்து அந்தத் திசையில் பார்த்து, "போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தவலையை நீட்டினான். பூவம்மாள் மறுபடி கல்லின்மேல் ஏறிக் குடத்தைச் சரித்தாள். தண்ணீர் விழுந்த இடம் வெள்ளையாய் நுரைத்து அடங்கியது. அதற்கு அப்பால், குளம் நெடுகச் சின்னச் சின்ன வாய்கள் திறந்து மூட, மேகமே இல்லாத அந்த வெயிலில் தூறல் விழுவது போலத் தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன.