நாலாவது ஸ்விட்ச்

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3 மணி 42 நிமிடத்துக்கு, ஓய்வு பெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர் ஒருவரின் படுக்கையறையில் இருந்த கேமரா நின்றது. அவருக்கு வயது எழுபத்தொன்பது. மரணச் சான்றிதழில் டாக்டர் எழுதிய நேரம் 4.10.

மறுநாள் பதினொன்றே கால் மணிக்கு மகன் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து சேர்ந்தான். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். உண்மையான அழுகைதான். சுவரோரம் நின்றிருந்த தங்கைக்கு அதில் சந்தேகம் இல்லை. அத்தை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவன் வரும்வரை உடல் கெடாமல் இருப்பதற்காக ஏசியை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்திருந்ததால், அறையில் இருந்தவர்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அழுது முடித்து நிமிர்ந்தவன் கட்டிலுக்கு எதிரே சுவரைப் பார்த்தான். கேமராவின் நெற்றியில் எப்போதும் எரியும் நீலப் புள்ளி எரியவில்லை.

"இது இன்னும் ஆஃப்லயா இருக்கு?"

யாரும் பதில் சொல்வதற்குள் எழுந்து நடைக்குப் போய் ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்தான். தங்கை பின்னாலேயே போனாள்.

"அண்ணா, நாலாவத ஏத்தாத."

"ஏன்?"

"ஏத்துனா வீடே போயிடும்."

அவன் ஏற்றினான். டப்பென்று மெயின் விழுந்தது. உள்ளே ஏசி பெருமூச்சு விட்டு நின்றது.

"ஐயையோ, என்னடா பண்ணுன?" என்றாள் அத்தை உள்ளிருந்து. "அண்ணனுக்குக் குளிர் போயிடப்போகுது!"

சொன்ன பிறகுதான் அத்தைக்கே தான் சொன்னது என்னவென்று புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை அவனைத் தாண்டிக் கையை நீட்டி எல்லா ஸ்விட்சையும் இறக்கினாள். மெயினை ஏற்றினாள். ஒன்று, கூடம். இரண்டு, சமையலறை. மூன்று, அப்பாவின் அறை. நாலைத் தொடவில்லை. ஐந்து, தண்ணீர் மோட்டார். ஏசி திரும்ப ஓடத் தொடங்கியது. முழு வேலைக்கும் கால் நிமிடம் ஆகவில்லை.

"நல்லாப் பழகி வெச்சிருக்க" என்றான் அண்ணன்.

*

அந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது போன வருட மழையில். அதற்கு ஒரு மாதம் முன்பு அண்ணன் வெளிநாட்டில் இருந்தபடியே உள்ளூர் நண்பன் ஒருவனை அனுப்பி வீட்டில் இரண்டு கேமரா வைத்தான். ஒன்று அப்பாவின் அறையில். இன்னொன்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தில், வாசலைப் பார்த்து. காரணம், பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த நர்ஸ். அவள் தூங்கிவிடுகிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நர்ஸ் நின்றுவிட்டாள். கேமரா நின்றுவிடவில்லை. கண்ணாடிக் கடையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, நர்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தங்கை உட்கார்ந்தாள். கேமரா அவளைப் பார்த்தது.

அப்பா அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்தார். முப்பத்தொரு வருடம் மைக்கின் முன் உட்கார்ந்து தாமதங்களுக்கு வருந்திய மனிதருக்கு, நுரையீரல் போன பிறகு ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் வந்தது. அந்த மூன்றையும் வீணாக்க மாட்டார். "ஸ்டேஷன் மாஸ்டர்... பாக்குறார்... சிரி" என்பார், அவள் கஞ்சி ஊட்டும்போது.

முதல் இடி மழையிலேயே மெயின் விழுந்தது. மூலையில் அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் கரண்ட் இல்லாமல் நின்று, கீச் கீச் என்று கத்தியது. குழாயைச் சிலிண்டருக்கு மாற்றி, சாவியைத் திருகி, அப்பாவின் நெஞ்சு சீராவதைப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்விட்ச் பாக்ஸுக்கு ஓட வேண்டும். மூன்று மழைக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால், நாலாவதை ஏற்றும்போதுதான் விழுகிறது. நாலாவது, கேமரா லைன்.

அண்ணனிடம் சொன்னாள்.

"கேமரா வெச்சவன்கிட்ட கேட்டேன்" என்றான் அடுத்த நாள் போனில். "வீட்டு வயரிங் பழசுங்கறான். இடிக்கு ட்ரிப் ஆகத்தான் செய்யும். கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நான் ஒவ்வொண்ணா ஏத்திப் பாத்தேன்ணா."

"நீ எப்ப எலக்ட்ரீஷியன் ஆன?"

அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே நாலாவதை இறக்கி வைத்துவிடுவாள். மழை விட்டதும் ஏற்றுவாள். மெயின் விழவில்லை. ஒருமுறை ஏற்ற மறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. அண்ணன் போனில் கத்தினான். "ரெண்டு நாள் என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியல. நான் இங்க எப்படித் தூங்குவேன்?" ஏப்ரலில் பத்து நாள் விடுப்பில் வந்தபோது, வெள்ளை டேப்பை வெட்டி, கறுப்பு மையில் எழுதி, நாலாவது ஸ்விட்சின் மேல் ஒட்டிவிட்டுப் போனான். 'இதை ஆஃப் பண்ணாதே.' அந்தப் பத்து நாளும் ஒரு பொட்டு மழை இல்லை.

"யாருக்கு... எழுதியிருக்கான்?" என்று அப்பா கேட்டார்.

"மழைக்குப்பா" என்றாள் அவள்.

*

அண்ணன் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனான். அத்தையும் வந்தாள். அவன் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"விமானத்துல உக்காந்து இதத்தான் பாத்துட்டு வந்தேன். எத்தன தடவன்னு எனக்கே தெரியாது."

படத்தில் சத்தம் இல்லை. மேலே மூலையில் நேரம் ஓடியது. 3.31. அப்பா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் கட்டிலுக்குப் பின்னால் அலமாரியைத் திறந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பையை எடுக்கிறாள். வாசலை நோக்கி நடக்கிறாள். அப்பாவின் வாய் அசைகிறது. அவள் திரும்பாமல் போகிறாள். பிறகு கட்டில், அப்பா, மெஷின். 3.35. 3.38. ஜன்னல் இருட்டுகிறது. அப்பா வாசலைப் பார்க்கிறார். 3.42. கறுப்பு.

"பதினோரு நிமிஷம் தனியா இருந்திருக்கார்" என்றான். "அப்பா ஏதோ சொல்றார். நீ திரும்பிக்கூடப் பாக்கல. கையில பை. கடைக்கா போன?"

"மாடிக்குப் போனேன்."

"வெளிய இருட்டிக்கிட்டு வருது. மாடிக்கு?"

"ஆமா."

"பைய எடுத்துக்கிட்டு?"

"ஆமா."

"அப்புறம் கேமரா ஆஃப் ஆகுது. நாலு அஞ்சுக்கு நீ எனக்குப் போன் பண்ற. நடுவுல என்ன நடந்துச்சு? நீதான இறக்குன? இறக்கிட்டு எங்க போன?"

"விடுடா தம்பி" என்றாள் அத்தை. "அவ ஒரு வருஷமா..."

"ஒரு வருஷம் பாத்தா, அத்தே. பாக்கலன்னு நான் சொல்லல. அந்த அரை மணி நேரம் எங்கன்னுதான் கேக்குறேன்."

அவள் அடுப்பின் மேல் இருந்த பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் ஏற்கெனவே பதிலை முடிவு செய்துவிட்டு வந்திருந்தான். தெருவில் இனி இதைத்தான் பேசுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"நான் இறக்கல" என்றாள். "தானா விழுந்துச்சு."

"அத எலக்ட்ரீஷியன் சொல்லட்டும்" என்றான் அண்ணன். ஏற்கெனவே ஆளை வரச் சொல்லியிருந்தான்.

*

எலக்ட்ரீஷியனை அந்தப் பகுதியில் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் அதுதான் இருக்கும். வந்தவன் முதலில் அப்பாவின் அறை வாசலில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நின்றான்.

"ஒரு தடவ ஃபேன் மாட்ட வந்தேன்" என்றான் அவளிடம். "'பயணிகள் கவனத்திற்கு, ஃபேன் சற்று நேரத்தில் சுழலும்'னார். ஏணியில நின்னு சிரிச்சு விழப்பாத்தேங்க்கா."

அவள் தலையாட்டினாள்.

அவன் ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்து, அவள் செய்ததையே செய்தான். எல்லாவற்றையும் இறக்கினான், மெயினை ஏற்றினான், ஒவ்வொன்றாக ஏற்றினான். அப்பாவின் அறைக்கு மட்டும் முதலில் கொடுத்தான். நாலாவதில் மெயின் விழுந்தது.

"இது எந்த லைன் சார்?"

"கேமரா" என்றான் அண்ணன்.

"வெளிய வயர் சேர்ற பாக்ஸ் எதாவது இருக்கா?"

மூவரும் மாடிக்குப் போனார்கள். நேற்றைய தண்ணீர் தளத்தில் இன்னும் தேங்கிக் கிடந்தது. துணி காயப்போடும் கயிற்றில் ஒரு வரி அறுந்து தொங்கியது. டெஸ்டர் கைப்பிடிச் சுவரின் மேல் வயிறு பட வளைந்து வெளிப்பக்கம் பார்த்தான்.

"யாரோ கவர் கட்டியிருக்காங்க" என்றான் அங்கிருந்தே. "புதுக் கட்டு."

கத்தியால் கயிற்றை அறுத்து மேலே எடுத்தான். நீலப் பிளாஸ்டிக் பை. மருந்துக் கடையின் பெயர் போட்டது. நாலு சுற்றுச் சுற்றி, அவசரத்தில் போட்ட முடிச்சு இறுகிப்போயிருந்தது. கயிறு துணிக்கொடிக் கயிறு.

பிறகு பாக்ஸின் மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து தண்ணீர் அவன் மணிக்கட்டில் ஓடியது.

"மூடிக்கு ரப்பரே போடல சார். கரண்ட இதுக்குள்ளயே குடுத்திருக்காங்க. ரூம் கேமராவும் இதே லைன்தான். ஒரு சொட்டு உள்ள போனா போதும், மெயின் விழுந்துடும். விழுந்தது நல்லதுதான், இல்லாட்டி சுவரத் தொடுறவன் செத்துருப்பான்." பையைத் தூக்கிப் பார்த்தான். "கட்டுனது சரிதான். ஆனா மழை வந்தப்புறம் கட்டியிருக்காங்க. தண்ணி அதுக்கு முன்னாடியே எறங்கிடுச்சு."

அண்ணன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரின் விளிம்பைப் பார்த்தாள். நேற்று அதில் படுத்துக்கொண்டு ஒரு கையால் பாக்ஸைத் தடவித் தேடியது முழங்கையில் இன்னும் எரிந்தது. பையைக் கட்டக் கயிறு கொண்டுவர மறந்திருந்தாள். கொடியை வாயால் கடித்து அறுக்க நேரம் ஆனது. பாதி முடிச்சில் மழை சரேலென்று இறங்கியது. கீழே மெஷின் கத்தியிருக்கும். மழையின் சத்தத்தில் மழை மட்டும்தான் கேட்டது.

இறங்கி வந்தபோது கூடத்தில் ஃபேன் நின்றிருந்தது. அப்பா கட்டிலின் ஓரத்துக்கு வந்து, ஒரு கையைச் சிலிண்டர் பக்கம் நீட்டியபடி இருந்தார். சாவி அவர் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் குழாயை மாற்றினாள், திருகினாள், நெஞ்சைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு ஸ்விட்ச் பாக்ஸுக்குப் போய் எல்லாவற்றையும் இறக்கி, மெயினை ஏற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று ஏற்றினாள். ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழே வந்ததும் டெஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்ச் பாக்ஸின் முன் நின்றான்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு மாடிக்குப் போயிருக்க வேணாமேக்கா. மேகம் தெரிஞ்சதும் இந்த நாலாவத இறக்கி விட்டிருந்தா போதும். ஒண்ணுமே ஆகியிருக்காது..."

சொல்லிக்கொண்டே விரலை ஸ்விட்சின் மேல் வைத்தவன் டேப்பைப் படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"இது யாரு எழுதுனது?"

அத்தை அண்ணனைப் பார்த்தாள். பிறகு பார்க்காதது போல் உள்ளே போய்விட்டாள். டெஸ்டர் தன் பையில் இருந்த சாமான்களைத் தேவையில்லாமல் ஒருமுறை அடுக்கினான். நாலாவதின் வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றினான். "இனிமே விழாது" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அண்ணன் நடையிலேயே நின்றான்.

"நீ எனக்கு ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருக்கணும்" என்றான்.

"மூணு தடவ சொன்னேன்ணா."

"இப்படிச் சொல்லல. அப்பா உயிருக்கே ஆபத்துன்னு சொல்லல. சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

நேற்றுக் காலை அவன் அனுப்பிய செய்தி அவள் போனில் இருந்தது. 'இன்னைக்கு மழைன்னு போட்டிருக்கான். ஸ்விட்ச்ல கை வைக்காத.' மூன்று மணிக்கு மேகம் ஏறியபோது அவள் ஸ்விட்சில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். பையைத் தேடப் போனாள். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டலாம். நீட்டவில்லை.

*

நாலு மணிக்கு வண்டி வந்தது. ஐந்தேகாலுக்கு எல்லாம் முடிந்து திரும்பி வந்தார்கள். அத்தை கூடத்தைக் கழுவிவிட்டாள். அண்ணன் நாற்காலி போட்டு ஏறி, அப்பாவின் அறையிலிருந்த கேமராவை ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். சுவரில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின. கேமராவைத் தன் பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தான். பிறகு நடைக்குப் போய் டேப்பை நகத்தால் உரித்தான். பாதிதான் வந்தது. 'பண்ணாதே' அங்கேயே இருந்தது.

அவள் அப்பாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் வந்து நின்றான்.

"அப்பா கடைசியா ஏதோ சொன்னாரே. நீ போகும்போது. என்ன சொன்னார்?"

எங்க புறப்பாடு, என்று கேட்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்குக் குடை பிடிக்கப் போறேம்ப்பா, என்று அவள் நடந்துகொண்டே சொன்னாள். அவர் சிரித்தது பின்னால் கேட்டது.

"படத்துல சத்தம் வரலியா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப விடு."

அவன் போய்விட்டான்.

ஐந்து நாற்பதுக்கு இடியுடன் மழை பிடித்தது. ஒரு மணி நேரம் பெய்தது. மெயின் விழவில்லை.