சந்திரவதனிக்குக் கிடைத்த போணிச் சொல்

பதுளைக் கடைவீதியில் துணியும் பலசரக்கும் விற்ற தம்பையா பிள்ளை எழுதிக்கொண்டிருந்த நாவலின் கதாநாயகி, 1908 தை மாதத்தில் ஒருநாள் காலை அவர் கடைக்குள் வந்து வேட்டி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை முதல் அத்தியாயத்தை முடித்த மறுநாள் அது. பண்டாரவளையிலிருந்து வர வேண்டிய உப்பு வண்டி மழைச் சேற்றில் புதைந்துவிட்டதால் ஊரே அதைத்தான் பேசியது. இவளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் சந்திரவதனி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக நிலா வெளிச்சம் மட்டும் இருந்தது. நிலா முகம் என்றதோடு சரி, கண்ணும் மூக்கும் பிள்ளை எழுதவில்லை, அதனால் வரவுமில்லை. கடையில் மண்ணெண்ணெய் மிச்சமானது உண்மைதான், ஆனால் அந்த வெளிச்சத்துக்கு வந்த விட்டில்கள் சீனி மூட்டைக்குள் விழுந்து செத்தன.

பிள்ளைக்கு அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பட்டணத்தில் அச்சாகிக் கப்பலில் வரும் நாவல்களைப் போல இந்த மலைக்கும் ஒன்று எழுதிக் காட்டுகிறேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். புத்தகம் ஆகிவிட்டதா என்று கேட்காமல் யாரும் ஒரு முழத் துணி வாங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் “வரும்” என்றார். அந்தக் கடையில் ‘இல்லை’ என்ற சொல் புழங்குவதில்லை. உப்பு தீர்ந்திருந்தால் நாளைக்கு வரும் என்பார்கள், அவ்வளவுதான். பிள்ளையின் அப்பா ஒரே ஒரு தடவை தோட்டத்துக் கங்காணி ஒருவரிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டாராம், அந்த வருஷமே மலையெல்லாம் காப்பி இலை நோய் பிடித்து அழிந்ததாம். மலை முழுவதற்கும் தானே காரணம் என்று சாகும்வரை நம்பினார் அந்த மனிதர். கல்லாப்பெட்டியின் மேல் வைத்துத்தான் பிள்ளை நாவல் எழுதினார் என்பதால், நாவலுக்குள்ளும் அவர் அந்தச் சொல்லை நுழைய விடவில்லை.

மூட்டையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தினமும் காப்பித் தண்ணி வைத்து, குடிக்க வாயில்லாமல் அது ஆறுவதைப் பார்த்துச் சலித்துப்போன அவர் மனைவி பரிமளம்தான் கடைசியில் ஒரு வழி சொன்னாள். “நீங்களா யோசிச்சா நிலா, தாமரைன்னுதான் வரும். போணி பண்ண வர்றவங்ககிட்ட ஒரு சொல்லு கேட்டு வாங்குங்க. அதை வச்சு இவளைப் பத்தி எழுதுங்க.” முதல் வியாபாரம் செய்பவரின் வாய்ச்சொல்லை வியாபாரி தட்டக்கூடாது. ஆகவே காலையில் கிடைக்கும் சொல் எதுவானாலும் போணிக் காசைப் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அன்றைக்கே எழுதுவதென்று பிள்ளை சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார்.

பூனாகலையிலிருந்து வந்த ஒருவர் ‘கம்பளி’ என்றார். இவளுக்கு எதற்குக் கம்பளி என்று பிள்ளை மத்தியானம்வரை மண்டையை உடைத்துக்கொண்டு, செத்துப்போன தகப்பன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான் என்று எழுதினார். மறுநாள் அவளுக்குக் குளிரத் தொடங்கியது, மடியில் ஒரு பழைய கம்பளியும் இருந்தது. ‘அட்டை’ என்ற சொல்லுக்குக் கணுக்காலில் கடித்த வடு வந்தது. ‘கருவாடு’ என்றதற்கு முகம் சுளிக்க வேண்டியிருந்ததால் மூக்கு வந்தது. இப்படி நாலு வருஷத்தில் வாய்வரை வந்துவிட்டாள்.

வாய் வந்த பிறகுதான் பிள்ளையின் பாடு திண்டாட்டமானது. எதைக் கேட்டாலும் அவள் ஆமாங்க என்றாள். ஊருக்குப் போகிறாயா என்று பரிமளம் கேட்டாலும் ஆமாங்க, இங்கேயே இருக்கிறாயா என்றாலும் ஆமாங்க. ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகன் கல்யாணம் கேட்டான், சரி என்றாள். அடுத்த பக்கத்தில் கெட்டவன் கேட்டான், அவனுக்கும் சரி என்றாள். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே பந்தலில் மாலையோடு நிற்க, கதை அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை அந்த அத்தியாயத்தைக் கிழித்துக் கிழித்து எழுதினார். கிழித்த தாளில் கடுகு மடித்துக் கொடுத்தார்கள்.

1912 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரியாயி போணிக்கு ஒரு சேலைத்துண்டு வாங்கினாள். பிள்ளை வழக்கம்போல ஒரு சொல் கேட்டார். அவள் மூட்டையின்மேல் இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தொரைகிட்டயும் கங்காணிகிட்டயும் நாங்க சொல்ல முடியாத சொல்லு ஒண்ணு இருக்குங்க. அதையே வச்சுக்கங்க. இல்லை.”

இடிந்து விழுந்துவிடுமோ என்று கடையில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பிள்ளை வேறு சொல் தரும்படி கெஞ்சிப் பார்த்தார், அவள் தரவில்லை. போணிச் சொல்லைத் தட்டவும் முடியாமல், கண்ணில் ஒற்றிக்கொண்டு, மனசேயில்லாமல் ஏழாம் அத்தியாயத்தில் அதை எழுதினார். மை காய்வதற்குள், கதாநாயகன் கேட்டதற்கு மூட்டையிலிருந்து பதில் வந்தது. “இல்லைங்க.” நிலா வெளிச்சம் வடிந்து, மலையில் யாருக்கும் இருக்கக்கூடிய கறுத்த முகம் ஒன்று தெரிந்தது. அப்படியானால் அந்தக் கெட்டவனையா கட்டுவாய் என்று பிள்ளை கேட்டார். அதற்கும் இல்லை என்றாள். கதையிலாவது இருப்பாயா என்றார். அதற்கும் அதே பதில்தான். கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மாரியாயியோடு ஸ்பிரிங்வெளிப் பாதையில் நடந்துவிட்டாள்.

தோட்டத்தில் கொழுந்து குவிந்து ஆள் பற்றாமல் இருந்த சமயம், கங்காணி ஒன்றும் விசாரிக்காமல் அவளைப் பெரட்டில், காலையில் ஆள் எண்ணும் கணக்கில், சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு வா என்று அவர் சொன்னபோது அவள் இல்லைங்க என்றாள். அந்தச் சொல்லை அதுவரை கேட்டிராத கங்காணி, ஏதோ காய்ச்சலின் பிதற்றல் என்று நினைத்து தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் அந்தக் காய்ச்சல் மாரியாயிக்கும் வந்தது, பிறகு லயம் முழுக்கப் பரவியது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் எழுதி வைத்தார்.

பிள்ளை அவளை மன்னிக்கவேயில்லை. தன் ரத்தத்தை ஊற்றி வளர்த்தவள் கொழுந்து கிள்ளப் போய்விட்டாளே என்று வருஷக்கணக்கில் புலம்பினார். அவளில்லாமல் எழுதிய எட்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்த பரிமளம் பாதியிலேயே தூங்கிவிட்டாள். பிள்ளை சந்திரவதனி தங்கியிருக்கும் லயத்துக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

உலகச் சண்டை முடிந்து அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த 1919இல், ஊசிநூல் வாங்கப் போணிக்கு வந்தது சந்திரவதனி. தலை கொஞ்சம் நரைத்திருந்தது, அதை அவர் எழுதவில்லை. பிள்ளை சொல் கேட்க மறந்துபோனார். “ஏழாம் அத்தியாயத்துக்குத் திரும்பி வர்றியாம்மா?” என்றார்.

“இல்லைங்க.”

அதுவும் போணிச் சொல்தான். பிள்ளை நெடுநேரம் அழுதார், பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு அதையே நாவலின் கடைசி வரியாக எழுதினார். அடுத்த வருஷம் புத்தகம் அச்சாகி வந்தது. பக்கத்துக்கடை மொஹிதீன் ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து, ரெண்டாம் பாகம் வருமா என்று கேட்டார். பிள்ளை வேட்டி மூட்டையைப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.

கூரை அப்படியே இருந்தது. மொஹிதீன் சரி என்று சொல்லி அரைக்கொத்து உப்பு வாங்கிக்கொண்டு போனார்.