கதவில் ஒரு குளம்

டிங்கர் மாஸ்டர் அன்று காலை பையில் எடுத்து வைத்தவை மூன்று: சின்னச் சுத்தியல், உள்ளங்கை அளவு இரும்புக் கட்டை, கார்க் கதவின் உள்பலகையை நெம்பிக் கழற்றும் தட்டைக் கம்பி. சாப்பாட்டை மறந்துவிட்டார். அதை அவர் மனைவி எடுத்து வைத்தாள். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. வாசலைப் பூட்டும்போதுதான், "அந்த ஒடுக்கை எடுத்துட்டு வந்துடலாம்" என்றார்.

எந்த ஒடுக்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய கார் ஒன்று மாஸ்டருடைய பட்டறை மூலையில் கிடந்தது. ஊரார் வண்டிகளையெல்லாம் தட்டித் தட்டி நேராக்கிக் கொடுத்தவருக்கு, சொந்தமென்று ஒரு சைக்கிள்தான். இந்தக் காரையாவது வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டார். மூன்று மாதம், தினமும் வேலை முடிந்த பிறகு, தகடு தகடாகத் தட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பால் வெள்ளையில் பெயின்ட் அடித்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு வழவழப்பு. பிறகு ஒரு கல்யாணத்துக்காக மனைவியோடு நாலு நாள் வெளியூர் போனார்.

மகன் பட்டறையில் இருந்தான். அப்பாவிடமே வேலை கற்றவன், கை சுத்தமான பிள்ளை. ஆனால் அவனுக்கு ஒரு கிறுக்கு. விபத்தில் உடைந்த பின்விளக்குகளை அப்பா குப்பையில் போடப் போட, அவன் சிவப்புத் துண்டு தனி, ஆரஞ்சுத் துண்டு தனி என்று டின் டின்னாகச் சேர்த்து வைப்பான். அந்த நாலு நாளில் அத்தனையையும் எடுத்து, பானெட்டிலிருந்து டிக்கி வரை, மீன் செதில்போல அடுக்கி ஒட்டிவிட்டான். அப்பா வந்து பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தான், பாவம்.

அப்பா வந்து பார்த்தார்.  பெரிய சுத்தியலை எடுத்தார். இன்னும் எதுவும் ஒட்டாமல் மிச்சமிருந்தது இடது பின்கதவு ஒன்றுதான். அதில் ஒரே ஒரு அடி; தகடு குழிந்து ஒடுங்கியது. அடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் மகன் அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். போன் வரும்; அம்மா பேசுவாள். மூன்றாம் வருடம் காய்ச்சல் என்றான். அடுத்த போனை வேறு யாரோ செய்தார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவனிடம் பேசுவதற்கு நேரம் கடந்திருந்தது. கார் எங்கே என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எட்டு வருடம் கழித்து, போன வாரம், பட்டறைக்கு வந்த ஒருவர் போனில் போட்டோ காட்டினார். பழைய ஐஸ் பேக்டரி ஒன்றில் விசித்திரக் கார்களாக வைத்திருக்கிறார்களாம். அதில் ஒரு கார் முழுக்கப் பின்விளக்குத் துண்டாம். போட்டோவில் அதன் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. "உங்க தொழில்காரங்க பாத்தா சிரிப்பீங்க மாஸ்டர். ஒரு கதவுல ஒடுக்கு அப்படியே இருக்கு, எடுக்கக்கூட இல்ல. ஊரே அங்கதான் நின்னு பாக்குது."

ஊரே பார்க்கிறது. அந்தச் சொல்தான் மாஸ்டரைத் தின்றது. தன் அடியை வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நாலு வருடங்களுக்கு முன், விலாசம் தேடிப் பிடித்து, அந்த ஐஸ் பேக்டரியிலிருந்து அவளுக்கு ஒரு கார்டு வந்தது. மகன் இறப்பதற்கு முன்பே அந்தக் காரை அங்கே ஒப்படைத்திருந்தான், பொறுப்பு என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதியிருந்தான் என்று அதில் இருந்தது. அவள் அதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, தங்கைக்கு முதுகுவலி, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அதற்குப் பிறகு தங்கைக்கு மாதம் தவறாமல் முதுகு வலித்தது.

அங்கே போய் அவள் செய்வது ஒன்றுதான். அந்த ஒடுக்கில் உள்ளங்கையை வைப்பாள். அளவெடுத்ததுபோல உட்காரும். பிள்ளையின் கன்னம் மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், தகடு தகடுதான். ஆனால் அதில் அவன் ஒரு குளம் வரைந்திருந்தான். நீலத் தண்ணீர், நாலைந்து மீன், கரையில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு இரண்டு பேர். ஒருவர் பெரியவர், காதில் பென்சில். இன்னொருவன் சின்னவன். ஊரே நின்று பார்த்தது அதைத்தான்.

அங்கே காப்பாளராக இருக்கும் அம்மா, ஒடுக்கை எடுக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும். வழி முழுக்க அவள் வேண்டிக்கொண்டது இதுதான்.

காப்பாளர் அம்மா பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு மேசை, காகிதம், பென்சில். ஏதாவது ஒரு படம் வரைந்து கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். வந்தவர்கள் வரைந்த படங்கள் சுவர் முழுக்கக் குத்தப்பட்டிருந்தன.

டீச்சர் நிமிர்ந்து பார்த்து, தெரிந்த முகம் என்று சிரித்துவிட்டார். "வாங்கம்மா. இன்னைக்காவது டம்ளரை விட்டுட்டு வேற ஏதாவது வரைங்க."

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். ஒரே மாதிரி டம்ளர்கள், வரிசையாக, நாற்பதுக்குக் குறையாது. 

"இதுதான் உன் தங்கச்சி வீடா?"

அவள் தலை குனிந்தாள். அவர் காகிதத்தை வாங்கி, அளவுகோல் இல்லாமலே ஒரு நேர்கோடு இழுத்துக் கொடுத்தார். டீச்சர் அதைச் சாய்த்துப் பார்த்து, முப்பது வருடத்தில் இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை என்றார்.

உள்ளே ஐஸ் பாளம் வைத்திருந்த பெரிய கூடங்களில் கார்கள் நின்றன. ஒரு கார் முழுக்கப் புல் முளைத்திருந்தது. ஒன்றுக்குக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் தன் நோயாளிகளின் பல் அச்சுகளையெல்லாம் ஒட்டி வைத்த கார் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சுவர்களில் தபால்காரர் ஒருவர் வரைந்த நாய்கள். தன்னைத் துரத்திய நாய்கள் மட்டும். வேறு நாளாக இருந்தால் மாஸ்டர்கூடச் சிரித்திருப்பார்.

கடைசிக் கூடத்தில் அந்தக் கார். மேல்சன்னல் வழியாக வெயில் விழுந்து தரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. மாஸ்டர் பானெட்டைப் பார்த்தார், அதில் விரல் வைத்தார். இடதுபக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பியபடியே கையை நீட்டிக் கதவைத் தடவி ஒடுக்கைக் கண்டுபிடித்தார். தொழிலில் அவர் பழக்கமே அதுதான். ஒடுக்கைக் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பார். ஆனால் அன்று அவர் பார்க்காததற்குக் காரணம் தொழில் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது.

அவர் டீச்சரிடம் தான் யார் என்று சொன்னார். அடித்தது தான்தான் என்றும் சொன்னார். அதை எடுத்துவிட அனுமதி கேட்டார்.

 அந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது: எந்த வண்டியிலும் அந்த வண்டியின் வீட்டார் மட்டும் கை வைக்கலாம். புல் காருக்கு அதன் சொந்தக்காரர்தான் வந்து தண்ணீர் விடுவார். விழுந்த பற்களை டாக்டரின் மகள்தான் வந்து ஒட்டுவாள். தன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றார் டீச்சர். "ஆனா மேல படம் இருக்கு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

பொய். டீச்சர் மனைவியின் பக்கம் திரும்பினார். பொறுப்பு அம்மா பெயரில்தான் இருக்கிறது, அம்மா சொன்னால் சரி என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் கழுத்து எலும்பு தெரிந்துவிட்டது. எட்டு வருடத்தில் மகன் பெயரை வீட்டில் சொல்லாத மனிதர். கேட்டு நிற்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"எடுத்துக்கட்டும்" என்றாள்.

டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வாசலில் ஆட்கள் கூப்பிட, போய்விட்டார்.

மாஸ்டர் கதவைத் திறந்து, உள்பலகையை நெம்பி எடுத்தார். பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, கதவின் வயிற்றுக்குள் கையை விட்டார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் தட்ட, வெளியே ஒருவர் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். பட்டறையில் கட்டை பிடித்தவன் மகன். இப்போது கட்டையை அவர் மனைவியிடம் நீட்டினார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். இரும்புக் கட்டையைக் குளத்தின்மேல் வைத்தாள்.

முதல் தட்டுக்கு முன் அவர் கை நின்றுவிட்டது. உள்ளே விரல்களால் எதையோ தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் குரல் வந்தது.

"இங்க ஏற்கெனவே தட்டியிருக்கு. அவன்தான். விளிம்புல ஒரு சுத்து, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே. பாதியில விட்டுட்டான்."

அவள் கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"வெளிய கட்டை புடிக்க ஆள் இல்லாம விட்டிருக்கான், பாவி."

குரல் உடைந்திருந்தது. ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. மகன் விட்ட இடத்திலிருந்து தான் முடித்துக் கொடுக்கிறோம் என்ற சந்தோஷம். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு மூடிக்கொண்டாள்.

ஒருவேளை அவர் சொன்னதுபோலத்தான் இருக்கலாம். ஒருவேளை, எடுக்கத் தெரிந்தும், போதும் இது இருக்கட்டும் என்று அவனே நிறுத்திவிட்டுத் தூரிகையை எடுத்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி யார் இருக்கிறார்கள்?

மாஸ்டர் தட்டினார். ஒவ்வொரு தட்டும் தகட்டைக் கடந்து, கட்டையைக் கடந்து, அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மூன்றாவது தட்டில் பெயின்ட்டின் முதல் செதில் பெயர்ந்தது. அவன் பூசியது வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல். வழவழத்த வெள்ளையின்மேல் பூச்சுமேல் பூச்சாக ஏற்றியிருந்தான். தகடு நிமிர நிமிர அது பொறுக்கவில்லை. ஒரு மீன் போயிற்று. தண்ணீர் போயிற்று. கரையில் உட்கார்ந்திருந்த சின்னவன் இரண்டாகப் பிளந்து அவள் மடியில் விழுந்தான். அவள் கட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

அரை மணி நேரத்தில் முடிந்தது. மாஸ்டர் இறங்கிச் சுற்றி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கதவை மேலிருந்து கீழ்வரை தடவினார். "எங்க இருந்துச்சுன்னே தெரியல பாரு" என்றார். கன்னத்தில் நீர் வழிந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அவள்மேல் ஒரு கரிசனம் வந்து, குனிந்து, மடியில் கிடந்த தூசைத் தட்டிவிடக் கையை நீட்டினார்.

விரலில் ஒட்டிய செதிலில் ஒரு காது இருந்தது. சின்ன, மனிதக் காது.

அவர் அதைப் பார்த்தார். அவள் மடியைப் பார்த்தார். பிறகுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக, கதவைப் பார்த்தார். பால் வெள்ளையாக, நேராக, அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"என்ன இது?"

"குளம். அவன் வரைஞ்சது. கரையில நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தீங்க."

"ஏன் சொல்லல நீ?"

"பாத்தேன்னு சொன்னீங்களே."

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றே சொல்லலாம். டீச்சர் கூடத்து வாசல்வரை வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

சற்று நேரம் கழித்து மாஸ்டர் ஒரு பெரிய செதிலை எடுத்துக் கதவில் வைத்துப் பார்த்தார். அது படியவில்லை. ஒடுக்கின் வளைவு அதில் அப்படியே தங்கியிருந்தது. ஓரத்தை அழுத்தினால் நடு எழும்பியது. நடுவை அழுத்தினால் ஓரம் எழும்பியது. வேறொன்றை வைத்தார். அதுவும் அப்படியே. எந்தக் குழியில் இருந்தனவோ அந்தக் குழி இப்போது உலகத்திலேயே இல்லை. அவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மணிக்கு பஸ் இருந்தது. அவள் நினைவுபடுத்தவில்லை. அவர் கைக்குட்டையைத் தரையில் விரித்து, அவள் மடியிலிருந்து செதில்களை ஒவ்வொன்றாக எடுத்து, நகம் படாமல், வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டிக் கேட்டார்.

"இது?"

"தண்ணி."

"இது?"

"மீனோட வால்."

"இது?"

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. "உங்க பென்சில்" என்றாள். அதை அவர் உடனே கைக்குட்டையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்துவிட்டு, மெல்ல வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"இது?"

"தண்ணிங்க."