வாய்க்கட்டு ஒத்திகை

சித்தூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் வேங்கடாசலம் செத்துப்போனது ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதற்கான ஏற்பாடுகள் மூன்று வாரமாக நடந்தன. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் அவர் கூடவே இருந்தார்.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஹர்ஷினி திருப்பதியில் ஒரு கல்லூரியில் சினிமா படிக்கிறாள். கடைசி வருடத்துக்குப் பத்து நிமிடத்தில் ஒரு திகில் படம் எடுத்துக் காட்ட வேண்டும். கதையை அவளே எழுதியிருந்தாள். ஒருவன் காலையில் பால் வாங்கப் போகிறான். தெருமுனையில் அவனுக்கே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது. கட்டியது யார் என்று பொழுது சாய்வதற்குள் அவன் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதில்லை. கடைசிக் காட்சியில் பெஞ்சில் பிணமாகக் கிடக்கிறான்.

ஆள் தேர்வு திருப்பதியில் நடந்தது. முப்பது வருடம் கண்டக்டராக நின்றுகொண்டே போய்வந்த அதே வழியில் வேங்கடாசலம் முதல் முறையாக உட்கார்ந்துகொண்டு போனார். வகுப்பறை மேசையில் படுத்து மூச்சை அடக்கினார். இரண்டாவது நிமிடத்தில் கேமராக்கார நிதின் நாடி பிடித்துப் பார்த்தான். மூன்றாவது நிமிடத்தில் காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று கும்பிட்டார். வேறு யாரையும் பார்க்கத் தேவையில்லை என்று ஹர்ஷினி சொல்லிவிட்டாள்.

வேங்கடாசலம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஃப்ளெக்ஸில் தன் படமும் தன் பெயரும்தான் இருக்க வேண்டும்.

"கதையில அவரு பேரு ஜெயபிரகாஷ், தாத்தா."

"ஜெயபிரகாஷ் செத்தா எனக்கு இன்னா? எம்பேரு போடு. இல்லன்னா வேற பொணம் பாத்துக்கோ."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஊரில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஃப்ளெக்ஸ், ஓரத்தில் வட்டம் வட்டமாக அறுபது முகம். கறிக்கடை பவன்குமாரின் நாய் குட்டி போட்டதற்குக்கூட ஒன்று வைத்தார்கள். நாயும் ஐந்து குட்டிகளும் அதில் கைகூப்பியிருந்தன. வேங்கடாசலத்தின் முகம் மட்டும் அறுபத்தெட்டு வருடத்தில் ஒரு வட்டத்துக்குள்ளும் வந்ததில்லை.

துக்கப்படுபவர்கள் பெயர்களையும் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் அவரே உட்கார்ந்து சொன்னார். முதல் பெயர்: தங்கை செங்கமலம், வெதுருகுப்பம்.

"உங்களுக்குத் தங்கச்சி கீறாங்களா?" என்றாள் ஹர்ஷினி. "நான் பாத்ததே இல்லியே."

"நீ பாக்கல. அவ்ளோதான்."

பலமனேர் பஸ்ஸில் உட்கார்ந்தபடி செத்துப்போனவன் சித்தூரில் இறங்கிக் கையாட்டிவிட்டுப் போன கதையை ஆயிரம் தடவை சொன்னவர், இதைச் சொல்லவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் மகள் பிரமிளாவின் கல்யாணப் பத்திரிகையில் செங்கமலத்தின் புருஷன் திருமலையின் பெயர் விட்டுப்போயிற்று. விட்டது அச்சாபீஸ் இல்லை, எழுதிக்கொடுத்த வேங்கடாசலம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று போனவர், அச்சாபீஸில் எலி அந்த வரியை மட்டும் தின்றுவிட்டது என்று ஒரு கதையைச் சொன்னார். அன்று சாத்திய கதவு. மூன்று வருடத்துக்கு முன் திருமலை இறந்துபோனார். வேங்கடாசலம் அந்தச் சாவுக்கும் போகவில்லை.

தப்பு நடந்தது புதன்கிழமை. படப்பிடிப்பு வெள்ளிக்கிழமைதான். ஃப்ளெக்ஸின் புதுப் பளபளப்பு கேமராவில் பொய்யாகத் தெரியும், இரண்டு நாள் வெயிலும் தூசும் பட்டால்தான் உண்மைபோல் இருக்கும் என்று நிதின் சொன்னான். தெருமுனைக் கம்பத்தில் அன்றே கட்டினார்கள். தெருக்காரர்களுக்குச் சொன்னார்கள். நாயுடுபேட்டையில் இருக்கும் மகளுக்கு வேங்கடாசலமே போன் போட்டு, "நான் செத்துட்டன்னு யாராச்சும் சொன்னா நம்பாத" என்றார். தங்கைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டதாகத் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். தன்னிடமே பொய் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பழக்கம் முற்றியிருந்தது.

அந்த வழியாகப் போன பஸ்ஸிலிருந்து யாரோ ஒருவர் கைபேசியில் படம் பிடித்தார். அது வெதுருகுப்பம் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை. முன்னறையில் பெஞ்சு போட்டார்கள். ஹர்ஷினி அவர் முகத்துக்கு விபூதியும் பவுடரும் கலந்து பூசினாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் நாணயம், இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு முடிச்சு. கடைசியாகத் தாடையைச் சுற்றி வெள்ளைத்துணியால் வாய்க்கட்டு. அந்தத் தெருவில் அவர் வாயை யாரும் மூடிப் பார்த்ததில்லை.

"எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க. நான் கட் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது தாத்தா."

"தாத்தகாரு, கண்ணு கூட கதலகூடது" என்றான் நிதின், பாதித் தெலுங்கில்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா! என்ன உட்டுட்டுப் போய்ட்டியா, அண்ணா!"

குரல் ஓடிவந்தது. வாசல்படியில் தடுக்கியது. கையில் துணிப்பையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்து அவர் காலடியில் விழுந்தாள். தாத்தா ஏற்பாடு செய்த ஆள் என்று ஹர்ஷினி நினைத்தாள். இவ்வளவு நன்றாக அழுகிறாளே என்று நிதினுக்குக் கண்ணைக் காட்டினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வேங்கடாசலம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இவள் எழுந்து போவாள், அப்புறம் இந்த ஜன்மத்தில் வரமாட்டாள். திறக்காவிட்டால் நிஜமான அழுகையைப் பொய்யாகப் படுத்து வாங்கிக்கொள்கிறோம். எதற்கும் ஒரு கதை வைத்திருந்த மனுஷனுக்கு இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாய் கட்டியிருந்தது.

"பேரு உட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த. என் தப்புதான் செங்கான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆயிருக்குமே! எலி துன்னுச்சின்னியே!" அவள் அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சட்டென்று குரல் தடைப்பட்டது. ஒரு மூச்சு இழுத்து மறுபடி தொடங்கினாள், இந்தத் தடவை இன்னும் சத்தமாக. "என் வூட்டுக்காரு செத்தப்ப வாசலயே பாத்துக்கினு இருந்தனே! பொறந்த வூட்டுக் கோடிப் பொடவ போட ஆளு இல்லாம, பக்கத்து வூட்டு ரத்னம்மா போட்டாளே! இருக்கறப்ப வராதவன் வூட்டுக்கு நான் கோடி எடுத்துக்கினு வந்தனே!"

நிதின் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். ஹர்ஷினிக்குக் கட் சொல்ல வாய் வரவில்லை.

பையிலிருந்து புது வேட்டியை எடுத்து அவள் அவர் மேல் போர்த்தினாள். குனிந்தாள். அவர் காதில் மட்டும் படும்படி சொன்னாள்: "மூச்சு உட்டுக்கோ. நெசமாவே செத்துத் தொலையப் போற."

வேங்கடாசலம் கண்ணைத் திறந்தார். பவுடரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது.

"காலு சுடுது" என்றாள் செங்கமலம். "தொட்டதும் தெரிஞ்சிபோச்சு. ஆனா பதினோரு வருசமா வெச்சிருந்தத யார்கிட்ட சொல்றது? நீ எப்பவாச்சும் வாய மூடிக்கினு கேட்டிருக்கியா?"

அவர் எழுந்து உட்கார்ந்து வாய்க்கட்டைக் கீழே இழுத்தார்.

"நான் வந்தன், செங்கா."

"எங்க?"

"மச்சான் சாவுக்கு. வெதுருகுப்பம் பஸ் ஸ்டாப் வரைக்கும். அங்க ஃப்ளெக்ஸ் கட்டியிருந்துது. கடைசில எம்பேரும் போட்டிருந்தீங்க, மச்சினன்னு. பத்திரிகையில அவரு பேர நான் உட்டன், நீங்க எம்பேர உடல. அதப் படிச்சதும் காலு வரல. அடுத்த பஸ்ல திரும்பிட்டன்."

"போதும். எலிக் கதைக்கு அப்புறம் இது."

வாழ்நாளில் முதல் முறையாக உண்மையைச் சொன்னவரைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பீரோவுக்குப் போக எழுந்தார். கால் கட்டைவிரல் முடிச்சு அப்படியே இருந்ததால் குதித்துக் குதித்துத்தான் போக முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

உள்ளே ஒரு வெளிர்நீலப் புடவை. பிரிக்காத புடவை. மடிப்பு ஓரங்கள் நிறம் போய் வெளுத்திருந்தன.

செங்கமலம் அதைப் பிரிக்கவில்லை, மடிப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"அவரு செத்த அன்னிக்குக் காலைலயே வாங்கனியா?"

"கடை தொறக்கற வரைக்கும் நின்னு வாங்கனன்." பிறகு சொன்னார்: "பத்திரிகையில பேர உட்டது நான்தான், செங்கா. எலி இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரல் முடிச்சை அவிழ்த்தாள். ஹர்ஷினி இறுக்கிக் கட்டியிருந்தாள். அவிழ்க்க நேரம் பிடித்தது.

"எடுத்ததெல்லாம் அழிச்சிடறேம்மா" என்றாள் ஹர்ஷினி மெதுவாக.

"எதுக்கு? இன்னொரு தடவ என்னால அழ முடியாது. அதயே வெச்சிக்கோ." செங்கமலம் எழுந்தாள். "சாவு வூட்டுக்கு வந்தவ முழுகாம எப்பிடிப் போறது? வெந்நி போடுண்ணா."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அவள் தலை முழுகி அந்த வெளிர்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, முடி சொட்டச் சொட்ட அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் கழுத்தில் வாய்க்கட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டில் சோறு போட்டார், சாப்பிட்டு முடிக்கிற வரை ஒரு கதையும் சொல்லவில்லை.