கை காட்டித் திரும்பு

“பெத்த பொண்ணை இறக்கினா நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு—”

“நாலு பேரை விடுங்க, பெத்த பொண்ணு காலையில என்ன பேசினான்னு—”

“இங்க நான் அப்பா இல்ல, கோச்.”

“அதான் எதுக்கெடுத்தாலும் கோச்சுக்கறீங்களா?”

இடைவேளை. பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் ஓரக்கோட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு போட்ட சண்டை எதிர்ப்பக்கக் கோல் கம்பம் வரை கேட்டது.

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பத்து வயதுப் பெண்களின் கால்பந்து டீமுக்குக் கோச் கிடைக்காதபோது வலிய வந்து தலையைக் கொடுத்தவர். தெரிந்த தொழில் ஒன்றுதான். அதை வைத்தே இதையும் சொல்லிக்கொடுத்தார். மெதுவாக ஓடினால் ஃபர்ஸ்ட் கியர். கோல்கீப்பருக்குப் பெயர் ஹேண்ட்பிரேக். பந்தோடு திரும்புவதற்கு முன் கை காட்டியே ஆக வேண்டும். பிள்ளைகள் சமர்த்து, தவறாமல் காட்டினார்கள். எதிராளிகளும் சமர்த்து, காட்டிய பக்கம் முன்னாடியே போய்க் காத்திருந்தார்கள்.

“இந்த சீசன்ல ஒரு இடி உண்டா? ஒரு சிராய்ப்பு உண்டா?”

“ஒரு கோல் உண்டா?”

அவர் தண்ணீர் பாட்டில்களை அடுக்கத் தொடங்கினார்.

மகள் பட்டாணி பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள். ஆள் சிறுசு, வேகம் பெரிசு. கோச்சின் மகள் என்ற ஒரே குற்றத்துக்காக சீசன் முழுக்க அவள் பார்த்த வேலை பாட்டில் நிரப்புவது. இன்றைக்கும் இறக்காவிட்டால் பல் டாக்டர் டீமுக்குப் போய்விடுவேன் என்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு சொல்லியிருந்தாள். எதிரில் ஆடுவது அந்த டீம்தான். டாக்டரின் மகள்தான் அதற்குக் கேப்டன். அந்த டீமுக்குக் கோச்சான டாக்டருக்கு அதில் கூச்சமே இல்லை.

“நிஜமாவே போயிடுவா, பாத்துக்குங்க.”

“போக மாட்டா.”

“அப்பா டீம்ல இடமில்லன்னா, அவ வேற எங்கதாங்க ஆடுவா?”

இடைவேளை முடிந்து விசில் ஒலித்தது. ஆட்டம் தொடங்கிய கையோடு, டீமிலேயே உயரமான நெட்டச்சியின் ஷூ அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்தது. பெஞ்சில் வேறு ஆள் இல்லை.

“சரி, ஏறு,” என்றார் கோச். “கை காட்டாம திரும்பின, உடனே வெளிய.”

“சரிங்க கோச்.”

பந்து காலுக்கு வந்ததும் பட்டாணி பறந்தாள். கோலுக்கு முன்னால் டாக்டர் மகள் படையோடு வந்து வழிமறித்தாள். பட்டாணி இடது கையைத் தோளுக்கு நேராக, விறைப்பாக, டெஸ்ட் கொடுக்க வந்தவள் மாதிரி நீட்டினாள். படை மொத்தமும் இடப்பக்கம் ஓடியது. கோல்கீப்பரும் சேர்ந்து ஓடினாள். பட்டாணி வலப்பக்கம் திரும்பி, ஆளில்லாத வலைக்குள் பந்தைத் தட்டிவிட்டாள்.

அம்மா, பக்கத்தில் நின்றவரின் குடையைப் பிடுங்கிச் சுழற்றினாள். ஹேண்ட்பிரேக் தான் காத்த வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பட்டாணி மேல் விழுந்தாள். கோச் எகிறிக் குதித்தார். இரண்டாம் முறை குதிக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

“ராங் சிக்னல்,” என்றார். “லைசென்ஸ் போயிடும்டி.”

பல் டாக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “லெஃப்ட் காட்டிட்டு ரைட்ல போறது என்ன நியாயம் சார்? என் பொண்ணு நம்பி ஓடினா.”

“கை காட்டணும்னே ரூல் கிடையாதே டாக்டர்,” என்றாள் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்த நடுவரம்மா. “இந்தப் பிள்ளைங்க எதுக்குக் காட்டுதுங்கன்னுதான் எனக்கு இத்தனை நாளாப் புரியல.”

மனைவி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பட்டாணி ஓரக்கோட்டுக்கு வந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“கை காட்டிட்டுத்தானே திரும்பினேன்? உள்ள இருக்கவா, வெளிய வரவாப்பா?”