ஒரு காசில் இரண்டு ராஜா

1

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால். மழைக்கு ஒதுங்கிய இடம் பழைய நாணயங்கள் விற்கும் கடையாக இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரரிடம், "பன்னெண்டு வயசுப் பொண்ணு. பழைய காசு சேர்க்குது. எதைக் குடுத்தா பிடிக்கும்?" என்று கேட்டார். மழை விட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

இந்தக் கதையில் நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியாக இதை எழுதினேன்: "காலம் ஒரு நாணயத்தைப் போல—"

அடித்துவிட்டேன். காலம் எதைப் போலவும் இல்லை.

அடுத்தது: "மாமா கடைக்குள் நுழைந்தார்." மாமா என்றால் சிக்கலே கிடையாது. எதை வாங்கிக் கொடுத்தாலும் மாமா மாமாதான். கதை அங்கேயே படுத்துவிடும். ஆகவே அவரை அம்மாவின் புதுக் கணவர் ஆக்கினேன். லிப்ட் மெக்கானிக். கல்யாணமாகி எட்டு மாதம். பெண்ணின் அப்பா கடிகாரம் பழுதுபார்த்தவர். இப்போது இல்லை.

(இரண்டே சொல்லில் அவரைச் சாகடித்ததற்கு வருந்துகிறேன். வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தேன். போன் செய்துகொண்டே இருந்தார்.)

3

பெண் புதியவரை எப்படிக் கூப்பிடுகிறாள்? கூப்பிடுவதில்லை. அப்பா என்று வாய் வராது. அங்கிள் என்றால் அம்மா முறைப்பாள். அதனால் சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

"சாப்பாடு ரெடியாம்."

"வெளிய யாரோ வந்திருக்காங்க."

இத்தனை நாளில் ஒரு 'நீங்க' கூட இல்லை. தோழியிடம் போனில் அவரை 'லிப்ட்காரர்' என்றாள். அது அவர் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டார். பிறகு சிரிக்கவில்லை. முகத்தைப் பார்த்து அவள் ஒரு வாக்கியம் பேச வேண்டும். அவருக்கு வேண்டியது அதுதான். அதற்காகத்தான் கடைக்கு வந்திருக்கிறார். என்னைப் போல மழைக்காக இல்லை.

4

கடைக்காரர் பச்சைத் துணியில் மூன்று காசுகளை வைத்தார். (முதலில் நான்கு. ஒன்றை எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை.)

"இந்த வெள்ளி நல்லா இருக்கே."

"இருக்கும் சார். தேய்ச்சுக் கழுவினது. சேர்க்கிற பசங்க பார்த்ததும் மூஞ்சியத் திருப்பிக்கும்."

"இது யானையா, எருதா?"

"களிம்பு ஏறிடுச்சு. உங்களுக்கு எது பிடிக்குமோ அதுன்னு வெச்சுக்கங்க."

மூன்றாவது செம்பு. அதில் ஒரு முகம்.

"இதுதான் சார் விசேஷம். புதுசா வந்த ராஜாவுக்குத் தனியா காசுத் தகடு செய்யப் பொறுமையில்ல. பழைய ராஜாவோட காசை எடுத்து, அது மேலயே தன் மூஞ்சிய அடிச்சுட்டாரு."

"ஒரு காசுல ரெண்டு ராஜாவா?"

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்."

வாங்கிவிட்டார்.

5

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து படித்தபோதுதான் உறைத்தது. இந்த மனிதர் கையில் போய் இந்தக் காசையா கொடுத்தேன்? திட்டமிட்டுச் செய்யவில்லை. குறியீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்து.

"அவர் கடைக்குத் திரும்பிப் போய்—" என்று தொடங்கினேன். எங்கே போகிறார்? அதற்குள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய ஆளு மேலயே புது ஆளை அடிச்சிருக்காங்க. எப்படி?"

அவள் காசைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வேற காசே கிடைக்கலையா?"

"ஏன், விலை ஜாஸ்தின்னு நினைக்கிறியா?"

"கடவுளே. இப்ப சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க. மெதுவா."

"பழைய ஆளு மேல புது..."

இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிய லிப்ட் மாதிரி அவர் நின்றுவிட்டார்.

"நாளைக்கே மாத்திடறேன்."

"இன்னைக்கே போங்க. அவ வர்றதுக்குள்ள."

பெண் ஏற்கெனவே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன காசாம்?" என்று கதவைக் கேட்டாள்.

6

காசு அவள் கைக்குப் போய்விட்டது. இனி என்ன?

காசை வீசி எறிகிறாள். (மாட்டாள். கோபம் வேறு, காசு வேறு.)

"அப்பா" என்று கட்டிக்கொள்கிறாள். (எழுதினேன். எனக்கே கூசியது.)

மின்சாரம் போகிறது. (நான் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் என் கதைகளில் மின்சாரம் போகும்.)

மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் பாட்டுக்கு அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்து, கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஜன்னலருகே போனாள். காசை வெளிச்சத்தில் சாய்த்தாள், திருப்பினாள், மறுபடி சாய்த்தாள். அம்மா அடுப்பை அணைத்தாள். லிப்ட்காரர் தன் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அடுத்து வருவது ஒரு கேள்வி. அதற்கு உண்மையான பதில் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கடையில் நாம் இருந்தோம். அவர் அதைச் சொல்வாரா, வேறொன்றைச் சொல்வாரா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். சுவரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"அடியில இருக்கிறவரோட காதை மட்டும் அழிக்காம விட்டிருக்காங்க. நீங்க இதைப் பார்த்துட்டுத்தான் வாங்கினீங்களா?"